வி.சி. மாறினால் நம்ம பிள்ளைகள் டிகிரிக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சாயந்திரமானால் அக்கா மகன் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு உதவி செய்கிறேன். துணைவேந்தர் பதவி காலி என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்தால் போதும், மறுநாளே ஆள் மாற்றி ஆள் வந்து அதே நாலு கேள்வியைக் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே.

அண்ணே, வேந்தர்ங்கிறாங்க, துணைவேந்தர்ங்கிறாங்க, இதுல யாரு பெரியவரு?

பெயரளவில் வேந்தர்தான் பெரியவர். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஆளுநரே வேந்தர். உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். ஆனால் தினமும் அலுவலகத்துக்கு வந்து ஃபைல் பார்ப்பவர், சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழுவின் கூட்டத்தை நடத்துபவர், சம்பளம் போட உத்தரவு கொடுப்பவர் எல்லாம் துணைவேந்தர்தான். அவரைத்தான் வி.சி. என்கிறோம். வேந்தரைப் பட்டமளிப்பு விழா மேடையில் பார்க்கலாம், மற்ற நேரத்தில் அவர் கையெழுத்தை மட்டும் பார்க்கலாம்.

நம்ம பக்கத்துக் காலேஜுக்கெல்லாம் எந்த யுனிவர்சிட்டி? எந்த வி.சி. மாறுனா நாங்க கவலைப்படணும்?

கலை, அறிவியல் கல்லூரி என்றால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். 1985-ல் வந்தது, சிவகங்கை, ராமநாதபுரம் இரண்டு மாவட்டமும் அதன் எல்லை. நம் கரையிலேயே தொண்டியில் அதற்குக் கடலியல் துறை இருக்கிறது, அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் போர்டைப் பார்த்திருப்பீர்கள். வயதில் மூத்தவர்கள் கையில் மதுரை காமராசர் பல்கலைக்கழக டிகிரி இருக்கும், அப்போது நம் கல்லூரிகள் அதன் கீழ் இருந்தன. இன்ஜினியரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். மீன்வளம் படித்தால் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம், அது 2012-ல் தொடங்கியது.

ஆகவே முதலில் உங்கள் மார்க் ஷீட்டின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மதுரையில் வி.சி. ராஜினாமா என்று படித்துவிட்டு காரைக்குடியில் படிக்கும் பிள்ளைக்காகத் தூக்கம் கெட்ட அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்துல இருக்கிற மீன் ஆராய்ச்சி நிலையமும் இதுல சேருமா?

சேராது. அது மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனம், மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. அங்கே தலைவர் இயக்குநர், வி.சி. கிடையாது. ஒரு காலத்தில் அதன் தலைமையகமே மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது, 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டது. அந்த வருத்தம் எங்கள் தலைமுறைக்கு இன்னும் இருக்கிறது, அது வேறு கதை.

ஒருத்தர் எத்தனை வருஷம் வி.சி.யா இருப்பாரு?

தமிழ்நாட்டில் வழக்கம் மூன்று வருஷம். சிலருக்கு நீட்டிப்பு கிடைக்கும். அந்தக் காலத்தில் இப்படி இல்லை: சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1942-லிருந்து 1969 வரை 27 வருஷம் இருந்தார். அவர் சேரும்போது பிறந்த பிள்ளை டிகிரி முடித்து, கல்யாணம் ஆகி, தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதும் அவர்தான் வி.சி.

இப்போது மூன்று வருஷம் என்பது உண்மையில் இரண்டு வருஷம், அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் ஊரையும் ஆட்களையும் புரிந்துகொள்ளப் போகும். கடைசி ஆறு மாதம் "போகப் போகிறவர்தானே" என்று யாரும் பெரிய ஃபைலை அவர் மேசைக்கு அனுப்ப மாட்டார்கள். நடுவில் இருக்கிற காலத்தில்தான் ஏதாவது நடக்கும். காலம் முடியுமுன் காலியாவதும் உண்டு. தமிழறிஞர் மு.வரதராசன் (மு.வ.) மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருக்கும்போதே 1974 அக்டோபரில் காலமானார்.

அடுத்த ஆளை யாரு, எப்படிப் பிடிக்கிறாங்க?

செர்ச் கமிட்டி என்று ஒன்று போடுவார்கள், தமிழில் தேடுதல் குழு. வழக்கமாக மூன்று பேர். வேந்தர் சார்பில் ஒருவர், பல்கலைக்கழக அமைப்புகளான செனட், சிண்டிகேட் சார்பிலோ அரசு சார்பிலோ மற்றவர்கள். யார் யார் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டத்தைப் பொறுத்தது. அவர்கள் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, சலித்து, பெரும்பாலும் மூன்று பெயரை வேந்தரிடம் கொடுப்பார்கள். அவர் ஒன்றை எடுப்பார். தேர்வானவர் சென்னையில் ஆளுநர் கையால் உத்தரவை வாங்கிக்கொண்டு வந்து சார்ஜ் எடுப்பார்.

யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பேராசிரியராகவோ, பெயர்பெற்ற ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக அமைப்பிலோ குறைந்தது பத்து வருஷ அனுபவம் வேண்டும், தேடுதல் குழுவில் யு.ஜி.சி. தலைவர் அனுப்பும் ஒருவரும் இருக்க வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து பெயர் கொண்ட பட்டியல் வேண்டும். இந்த "யு.ஜி.சி. ஆள் ஒருவர்" என்கிற ஒற்றை வரியில்தான் இப்போதைய தகராறின் பாதி இருக்கிறது. கீழே வருகிறேன்.

பழையவரு போயிட்டாரு, புதுசா யாரும் வரல. அதுவரைக்கும் யாரு ஓட்டுறது?

பெரும்பாலும் கன்வீனர் கமிட்டி. சிண்டிகேட் கூடி, தங்களுக்குள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து, வி.சி.யின் வேலையைப் பார்க்க ஒரு குழு அமைக்கும். அனேகமாக உயர்கல்வித் துறைச் செயலாளர் அதற்குத் தலைவராக இருப்பார். சட்டப்படி இது சரியான ஏற்பாடுதான், யாரும் திருட்டுத்தனமாக நாற்காலியில் உட்காரவில்லை.

சிக்கல் வேறு இடத்தில். செயலாளருக்குச் சென்னையில் துறை வேலையே கழுத்து வரை இருக்கும், அதோடு ஒரே நேரத்தில் பல பல்கலைக்கழகக் கமிட்டிகளுக்கும் அவரே தலைவர் என்றால் காரைக்குடிக்கோ மதுரைக்கோ எத்தனை நாள் வந்து உட்கார முடியும்? ஃபைல்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். சில மாதம் என்றால் சமாளிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலிருந்து இப்படித்தான் ஓட ஆரம்பித்தது, அது மாதக் கணக்கைத் தாண்டி வருஷக் கணக்காகிவிட்டது.

சார், என் மகளுக்கு வர்ற சர்டிபிகேட்ல யார் கையெழுத்து இருக்கும்? செல்லுமா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. செல்லும். கையெழுத்து போடுகிறவர் அந்தத் தேதியில் அந்தப் பொறுப்பில் இருந்தாரா என்பதுதான் கணக்கு, நிரந்தரமா தற்காலிகமா என்பது கணக்கில்லை.

அதோடு நீங்கள் பயப்படும் காகிதங்களில் பாதியில் வி.சி. கையெழுத்தே கிடையாது. செமஸ்டர் மார்க் ஷீட்டில் தேர்வாணையர் கையெழுத்து இருக்கும், கல்லூரியில் நாங்கள் சி.ஓ.இ. என்போம். டி.சி. கொடுப்பது உங்கள் பிரின்சிபல். பட்டமளிப்பு விழாவை ஒட்டி வரும் அந்தப் பெரிய பட்டச் சான்றிதழில்தான் வி.சி. கையெழுத்து. வி.சி. இல்லாமல் விழா தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகும், அது உண்மை. அதுவரை ப்ரொவிஷனல், அதாவது தற்காலிகச் சான்றிதழ், போதும். மேல்படிப்புக்கும் ஏற்றுக்கொள்கிறார்கள், டி.என்.பி.எஸ்.சி.யும் ஏற்றுக்கொள்கிறது. ப்ரொவிஷனலை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பின்னால் முத்திரை குத்த முடியாமல் திண்டாடுவீர்கள்.

காக்கா, துபாய்க்கு அட்டெஸ்டேஷன் பண்ணணும். சர்டிபிகேட்ல பழைய வி.சி. கையெழுத்து இருக்கு, இப்ப அவரு இல்லையே, ஒத்துக்குவாங்களா?

கீழக்கரையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள் (அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்). ஒத்துக்கொள்வார்கள். 1995-ல் வாங்கிய டிகிரியில் கையெழுத்து போட்டவர் இன்று உயிரோடே இல்லாமல் இருக்கலாம், அதனால் டிகிரி செத்துப்போகுமா? அவர்கள் பார்ப்பது காகிதம் அசலா, பல்கலைக்கழகப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை. அந்தப் பதிவேடு தேர்வாணையர் பிரிவில் இருக்கிறது, அது வி.சி.யோடு வீட்டுக்குப் போவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். அமீரகத்துக்கு அபோஸ்டில், அதாவது நம் வெளியுறவுத் துறை கொடுக்கும் சான்று முத்திரை, மட்டும் போதாது, தூதரக முத்திரையும் வேண்டும். சவூதி 2022-ல் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது, ஓமன் அதற்கு முன்பே. ஏஜெண்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ரேட் சொன்னால் எந்த நாட்டுக்கு எது என்று ஒருதரம் கேளுங்கள்.

அப்ப வி.சி. இல்லாட்டி ஒண்ணுமே நிக்காதா? அப்புறம் எதுக்கு அந்தப் பதவி?

நிற்கும். நன்றாகவே நிற்கும். பாம்பன்காரர் ஒருவர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார்: "டிரைவர் இல்லாட்டி போட்டு முங்கிறாதுங்க, ஆனா கடலுக்கும் போகாதுல்ல." பரீட்சை நடக்கும், ரிசல்ட் வரும், சம்பளம் வரும். ஏற்கெனவே தடம் போட்ட வேலை எல்லாம் அதன்பாட்டுக்குப் போகும். புதிதாக ஒருவர் முடிவெடுத்துப் பொறுப்பேற்க வேண்டிய வேலைதான் நிற்கும்.

எது என்றால், பேராசிரியர் நியமனம். காலி இடம் காலியாகவே கிடக்கும், கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுவார்கள். பதிவாளர், தேர்வாணையர் பதவிகளும் பொறுப்பு ஆட்களிடமே இருக்கும், இன்சார்ஜுக்கு மேல் இன்சார்ஜ். இன்சார்ஜில் இருப்பவர் இன்றைக்குக் கையெழுத்து போட்டால் நாளைக்கு ஆடிட்டில் தன்னைத்தான் கேட்பார்கள் என்று யோசிப்பார், ஃபைலில் "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த "பேசவும்" என்ற வார்த்தையோடு நாலு மாதம் தூங்கிய ஒரு ஃபைலை நானே எழுப்பியிருக்கிறேன். புதிய பாடப்பிரிவு கேட்ட கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருவது தள்ளிப்போகும், அதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும், அந்த வருஷம் அந்தப் பாடம் வேண்டும் என்று இருந்த பிள்ளை மதுரைக்குப் போய் ஹாஸ்டல் தேட வேண்டும். வசதி இல்லாதவள் வேறு ஏதாவது படிப்பாள். நம் பக்கத்தில் நஷ்டம் என்றால் இதுதான், இது எந்தப் பேப்பரிலும் வராது.

பி.எச்டி. செய்கிறவர்களுக்கும் இழுபறி உண்டு. ஆய்வேட்டை யாருக்கு அனுப்புவது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து யாரை அழைப்பது என்பதற்கெல்லாம் மேலிருந்து ஒப்புதல் வர வேண்டும். ஒருத்தர் வைவா தேதிக்காகக் கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்தார். பெண் வீட்டார் பொறுமைசாலிகள்.

கவர்னருக்கும் கவர்மெண்டுக்கும் இதுல என்னதான் சண்டை? டீக்கடையில ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

வி.சி.யை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் சண்டை. 2022 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம், அந்த அதிகாரத்தை வேந்தரிடமிருந்து எடுத்து மாநில அரசுக்குக் கொடுக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் கொடுக்கவில்லை. 2023 நவம்பரில் பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார், 18-ம் தேதி சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அவற்றை மறுபடி நிறைவேற்றியது, அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அதற்கு முன்பே அரசு உச்ச நீதிமன்றம் போயிருந்தது. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம், ஆளுநர் செய்தது தவறு, அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசு உடனே கெஜட்டில் போட்டது.

முடிந்தது என்று நினைத்தோம். மே 21-ல் சென்னை உயர் நீதிமன்ற விடுமுறை அமர்வு, வி.சி. நியமனம் சம்பந்தமான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. யு.ஜி.சி. விதிக்கு முரணாக மாநிலச் சட்டம் இருக்கலாமா என்பது அங்கே கேள்வி. இதற்கிடையில் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்க, 2025 நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, "ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது" என்பதும் கூடாது என்று கருத்து சொன்னது.

யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்பார்கள். பொதுவாகச் சொன்னால், காசு கொடுக்கிற அரசுக்கு ஆள் போடுவதில் பங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆளுங்கட்சிக்காரர் பரிந்துரை இல்லாமல் ஒருவர் வி.சி. ஆக முடியாது என்கிற நிலைமை வந்தாலும் கஷ்டம், அப்படிப்பட்ட காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். "யார் அடுத்து" என்ற வழக்கு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ராமநாதபுரம் ஜமீனுக்கு ராணி தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-ல்தான் தீர்ந்தது, சட்டக் கல்லூரியில் இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். நிஜ வேந்தர் வீட்டுக்கே அந்தக் கதி.

வி.சி. நியமனமே செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லிட்டா, அவரு காலத்துல வாங்குன டிகிரி என்னாகும்?

நல்ல கேள்வி, பயப்படவும் காரணம் இருக்கிறது, ஏனென்றால் இது நடந்திருக்கிறது. மதுரை காமராசரில் 2018 ஜூனில் அப்போதைய துணைவேந்தர் நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு முன் அதே பல்கலைக்கழகத்தில் கல்யாணி மதிவாணன் நியமனத்தை 2014-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அவர் தொடரலாம் என்றது. கேரளாவில் இன்னும் ஒரு படி மேலே. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு துணைவேந்தர் நியமனத்தை ரத்து செய்தது, தேடுதல் குழு பட்டியலாகக் கொடுக்காமல் ஒரே ஒரு பெயரைக் கொடுத்தது முக்கியக் காரணம். எந்தப் பல்கலைக்கழகம் தெரியுமா? நம் ராமேஸ்வரத்துக்காரர், அப்துல் கலாம் பெயரில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

இதனால் எந்தப் பிள்ளையின் டிகிரியும் போகவில்லை. ஒருவர் நியமனத்தில் குறை இருந்தது பின்னால் தெரிந்தாலும், பதவியில் இருந்தபோது ஊருக்காக அவர் செய்த காரியங்கள் செல்லும் என்பது பழைய சட்டக் கொள்கை, 1981-ல் ஒரு நீதிபதி நியமன வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இல்லையென்றால் தப்பு செய்தவர் ஒருவர், தண்டனை ஆயிரக்கணக்கான பேருக்கு என்று ஆகிவிடும்.

அமெரிக்காவுல படிக்கிற என் மச்சான் பையன், அங்க யுனிவர்சிட்டி பிரசிடெண்ட் மாறுறாருங்கிறான். ஜனாதிபதியா?

இல்லை. அங்கே பல்கலைக்கழகத் தலைவருக்கே பிரசிடெண்ட் என்று பெயர், நம் வி.சி. மாதிரி. நியமிப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு, ஹார்வர்டு மாதிரித் தனியார் பல்கலைக்கழகம் என்றால் கவர்னர் நடுவில் வருவதே இல்லை. நம் ஆட்களும் இருக்கிறார்கள், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரேணு கட்டோர் 2008-ல் தலைவரானார்.

எனக்குப் பிடித்தது அவர்கள் முன்கூட்டியே சொல்வது. ஹார்வர்டில் 2023 ஜூலையில் பொறுப்பேற்க வேண்டியவரை 2022 டிசம்பரிலேயே அறிவித்தார்கள், பழையவர் இருக்கும்போதே புதியவர் வந்து வேலையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம். அவசரப்பட்டுப் புகழ வேண்டாம், அப்படி வந்த கிளாடின் கே 2024 ஜனவரியிலேயே சர்ச்சையில் ராஜினாமா செய்தார். ஆனால் அன்றைக்கே இடைக்காலத் தலைவர் பெயரும் வந்துவிட்டது, அவர்தான் அப்புறம் தலைவராகவும் ஆனார். நம்மிடம் முடியும் தேதி மூன்று வருஷம் முன்பே எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கடைசி வாரம் வரை அடுத்தவர் யார் என்று தெரியாது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கும் என்று தெரிந்து வலையைச் சரிபார்க்கிற ஆள் நம் கரையில் இருக்கிறார், அதைக்கூட மேலே செய்வதில்லை.

புது வி.சி. வந்ததும் ஃபீஸ் ஏத்துவாராமே?

தனியாக ஒருவர் ஏற்ற முடியாது. நிதிக்குழு பார்த்து, சிண்டிகேட் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்றும் தீர்மானம் பழையவர் காலத்திலேயே போட்டிருப்பார்கள், அறிவிப்பு புதியவர் காலத்தில் வரும், திட்டு அவருக்கு. சிலபஸும் அப்படித்தான், பாடத்திட்டக் குழு வழியாகத்தான் மாறும், ஏற்கெனவே சேர்ந்த பேட்ச்சுக்கு சேர்ந்த வருஷத்து சிலபஸ்தான். அரியர் வைத்திருப்பவர்கள் மட்டும் பழைய சிலபஸில் எத்தனை தரம் எழுத விடுவார்கள் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வி.சி.யிடம் ஒன்று கேட்க வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்பது இதுதான். தடைக்காலம் ஜூன் 14 வரை. போட் இறங்கி முதல் மீன்பாடு காசாகிக் கைக்கு வர ஜூன் கடைசி ஆகும். கல்லூரி ஃபீஸ் கெடுவும் அதே ஜூனில். கெடுவைப் பதினைந்து நாள் தள்ளினால் எத்தனையோ வீட்டில் நகை அடகுக்குப் போகாது.

ஒருத்தரு, "வி.சி. மாறுறதுக்குள்ள சர்டிபிகேட் எடுத்துத் தர்றேன், அஞ்சாயிரம் குடு"ங்கிறாரு. குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வி.சி. மாறுவதால் உங்கள் சான்றிதழுக்கு அவசரம் எதுவும் இல்லை, கையெழுத்துக் கேள்விக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பணத்துக்குச் சலான் அல்லது ஆன்லைன் ரசீது உண்டு, ரசீது இல்லாத பணம் எந்தக் கவுன்டருக்கும் போகாது. என் சொந்தக்காரப் பையனே இப்படி ஒருவரிடம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் போன் அடித்துக்கொண்டிருந்தான், எடுக்கவில்லை. கடைசியில் நாங்களே விண்ணப்பம் போட்டோம், ஆன்லைனில் கட்டணம் கட்டி, தபாலுக்குச் சேர்த்து. சான்றிதழ் வீட்டுக்கே வந்தது. அதில் இருந்தது கமிட்டி தலைவர் கையெழுத்து, அதை வைத்துத்தான் அவன் இப்போது தூத்துக்குடியில் வேலையில் இருக்கிறான்.